ஒரு பீப்புக்கு ஒரு வேலை

அறுபது வயதில் கம்ப்யூட்டர் படித்தவன் நான். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முதல் ஆள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

1986. சிங்கப்பூர் துறைமுகக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் தலைமை எழுத்தராக இருந்துவிட்டு ஓய்வு பெற்று நான்கு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்ததும் சாமியார் பேசினார். பங்கில் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். பெயர், வயது, வீட்டு எண், பிள்ளைகள் எத்தனை, எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட வேண்டும். திருவிழாவுக்குள் வேண்டும். யார் செய்வது என்றார்.

லாசரஸ் தொண்டையைக் கனைத்தான். கோவில் பாடகர் குழுவில் இருப்பவன். ஒரு வார்த்தை பேச மூன்று முறை கனைப்பான். அவன் இரண்டாவது கனைப்பில் இருக்கும்போது நான் எழுந்து நின்றேன். கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன், ஒரு பிழை இருக்காது என்றேன். கோவிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. லாசரஸ் மூன்றாவது கனைப்பை விழுங்கினான்.

என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. அது சின்ன விஷயம். மறுநாள் வாங்கினேன்.

என் மனைவி உர்சுலா. வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்ட். ரோவல் ரோட்டில் எங்கள் ஏழாவது மாடி வீட்டுக்குள் பெட்டி வந்து இறங்கியதும் சுற்றி வந்து பார்த்தாள். "எழுத்தெல்லாம் நம்ம டைப்ரைட்டர் மாதிரியே இருக்கேங்க" என்றாள். இது வேறு, உனக்குப் புரியாது என்றேன். சரிங்க என்றாள்.

அவள் சரிங்க என்றால் நான் உஷாராக வேண்டும். முப்பத்திரண்டு வருடமாக இது எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக மறந்தும் போகிறேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம். தப்பாகத் தட்டினால் கத்தும். பெயர் போடும் கட்டத்தில் எண்ணைத் தட்டினால் பீப். எண் போடும் கட்டத்தில் எழுத்தைத் தட்டினால் பீப். கட்டம் நிறைந்த பிறகும் தட்டினால் பீப். சரியாகத் தட்டினால் ஒரு சத்தம் கிடையாது. நல்லதைச் செய்தால் வாயைத் திறக்காது, தப்பு செய்தால் மட்டும் ஊரைக் கூட்டும். இந்த மாதிரி ஒன்றை நான் ஏற்கெனவே வீட்டில் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் உர்சுலா சமையலறையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு பிழையும் இருக்காதுன்னு கோயில்ல சொன்னது நீங்கதானே?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. இனிமேல் ஒரு பீப் வந்தால் ஒரு வீட்டு வேலை செய்கிறேன், திருவிழா வரைக்கும் என்றேன். நிஜமாவா என்றாள். ஆண்பிள்ளை வாக்கு என்றேன். சரிங்க என்றாள்.

அந்த வாரம் நான் செய்த வேலை துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் செய்யாதது. தட்டு கழுவினேன். தேங்காய் துருவினேன். நெத்திலிக்குத் தலை கிள்ளினேன். ஜன்னல் திரைகளைத் துவைத்து, மூங்கில் கழியில் மாட்டி, ஏழாவது மாடியிலிருந்து வெளியே காய நீட்டினேன். கீழே போன லாசரஸ் அண்ணாந்து பார்த்தான். கனைத்தான்.

அன்றைக்கே முடிவு கட்டினேன்.

உர்சுலா தேக்கா மார்க்கெட்டுக்குப் போன நேரம். பெட்டியின் பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. கழற்றினேன். கூட வந்த புத்தகத்தில் படம் இருந்தது. சத்தத்துக்குப் போகிற வயர் எது என்று போட்டிருந்தது. சிவப்பும் கறுப்பும் பின்னிய வயர். பிடுங்கினேன். மூடினேன். உட்கார்ந்து வேண்டுமென்றே பத்துத் தப்பு தட்டினேன். ஊமை.

வயரைப் பிடுங்குவது பாவம் என்று மறைக்கல்வியில் எங்கேயும் இல்லை. நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் இல்லை.

மூன்று நாள் ராஜா மாதிரி இருந்தேன். வேளைக்குச் சாப்பாடு. மதியம் இரண்டு முதல் நாலு வரை தூக்கம். நாலாம் நாள் உர்சுலா கேட்டாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"தப்பு வந்தால்தானே சத்தம்."

"அம்புட்டுமா கத்துக்கிட்டீங்க?"

"மூளை."

அவள் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதையாக இருந்தது. அடுத்த நாளே பிளாக் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எங்க வீட்டுக்காரருக்கு இப்ப ஒரு தப்புகூட வர்றதில்லை என்று அவளே லிப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். சாமியார் காதுக்கும் போயிற்று. அவர் சந்தோஷப்பட்டு, பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதியையும் சேர்த்துவிடச் சொன்னார். சேர்த்துவிடுகிறேன் என்றேன். என்னை மாதிரி ஆள் வேறு என்ன சொல்வான்.

அன்று சாயங்காலம் சோதனைக்கு ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்த்தேன்.

மரியஅந்தோணி, வயது 7. அது நான். வீட்டு எண் இருக்க வேண்டிய இடம் காலி. என் மனைவி பெயர் பாதியில் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. கத்தாவிட்டாலும் அது தப்பைத் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வாத எழுத்தை வாங்காமல் தள்ளியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லும் வாயை நான்தான் அடைத்தேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தின் முன்னால் மானம் போகும். சத்தம் திரும்ப வேண்டும். ஆனால் உர்சுலா இல்லாதபோது மட்டும் வேண்டும். அவள் மார்க்கெட்டுக்குப் போகும் ஒரு மணி நேரம் வயரை மாட்டித் தட்டுவது, வந்ததும் பிடுங்குவது. நல்ல திட்டம்.

மறுநாள் திறந்து வயரை மாட்டினேன். தப்பாகத் தட்டினேன். ஊமை.

திருப்பி மாட்டினேன். ஊமை. அணைத்துப் போட்டேன். ஊமை. பிளக்கை வேறு இடத்தில் செருகினேன். டிஸ்க்கை மாற்றினேன். புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். பெட்டியைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். துறைமுகத்தில் மின்விசிறிக்கு அது வேலை செய்யும். இதற்குச் செய்யவில்லை.

ஜாலான் புசாரில் ஒலி முகம்மதுவின் ரேடியோக் கடை. ரிப்பேரில் கெட்டிக்காரன். அவனிடம் போய், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று நடந்ததைச் சொன்னேன். ஏனோ அவன் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த ரேடியோவையே பார்த்தான்.

"அவருக்கு ஸ்பீக்கர் இருக்காண்ணே?"

"அது இல்லாமல் எவனாவது விற்பானா?"

"விக்கும்போது இருந்திருக்கும். இப்ப இருக்கான்னு பாத்தாரா?"

"வயரை மாட்டினார்."

"வயருக்கு ரெண்டு முனை இருக்கும் லா. ஒரு முனை மாட்டியாச்சு. இன்னொரு முனையில என்ன இருக்கு?"

முட்டாள்தனமான கேள்வி. அந்த முனை உள்ளே, இரும்புத் தகட்டுக்குப் பின்னால் போகிறது. யார் பார்ப்பார்கள்? கோபத்தோடு கிளம்பினேன். அவன் பின்னாலிருந்து, "அண்ணியை விசாரிச்சேன்னு சொல்லுங்கண்ணே. பாட்டு நல்லாக் கேக்குதில்ல?" என்றான்.

என்ன பாட்டு? வீடு வரைக்கும் அதுவே மண்டையில் ஓடியது.

வீட்டுக்கு வந்து தகட்டைத் தூக்கி மறு முனையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வயரின் நுனியில் புதிதாகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ரிப்பேர்க்காரன் ஒட்டுகிற மாதிரி, சுத்தமாக.

சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அந்த ரேடியோ ஸ்பீக்கர் கிழிந்து ஒரு வருடமாக ஊமையாகக் கிடந்தது. உர்சுலா எத்தனையோ முறை ரிப்பேருக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நானும் ஆகட்டும் என்றேன். நாலைந்து நாளாக அது பாடுகிறது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எப்படிப் பாடுகிறது என்று தோன்றவே இல்லை.

உர்சுலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இது யார் ஸ்பீக்கர்?"

"நீங்க வேணாம்னு வயரைப் பிடுங்கிப் போட்டதுதான். சும்மாத்தானே கெடந்துச்சு. நீங்க மத்தியானம் தூங்கறப்ப ஒலி முகம்மது வந்து மாத்திக் குடுத்தாரு."

"நான் பிடுங்கினேன் என்று யார் சொன்னது?"

"நாலு ஸ்க்ரூ கழட்டுனீங்க. மூணுதான் மாட்டுனீங்க. நாலாவது என் கால்ல குத்துச்சு."

துறைமுகத்தில் எத்தனையோ களவு பிடித்திருக்கிறேன். பிடிபட்டவன் எங்கே பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். கீரையைப் பார்த்தேன்.

"வேணும்னா சொல்லுங்க. இப்பவே திரும்ப மாட்டச் சொல்றேன்" என்றாள். குரலில் அப்படி ஒரு பணிவு. "தப்பு ஏதும் வருதா?"

இந்த இடத்தில்தான் ஒரு மனிதனின் தரம் தெரியும். வருகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

"எனக்கா? வராது. நீயே வைத்துக்கொள்" என்றேன்.

பிறகு எட்டு நாள். காலை ஆறு முதல் பகல் ஒன்று வரை, சத்தமில்லாமல் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தையும் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். கண் எரிந்தது. மதியம் கட்டை மாதிரி தூங்கினேன். கடைசி இரண்டு நாள் எனக்கே ஆச்சரியம். முன்பு தட்டியதைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. என் வயது அறுபது. வீட்டு எண் இருந்தது. மனைவி பெயர் முழுதாக இருந்தது. நான் எப்போது திருத்தினேன் என்று ஞாபகம் இல்லை. கை தானாகவே திருத்தியிருக்கிறது என்று நினைத்தேன். பெரிய வித்வான்களுக்கு அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

திருவிழா அன்று புத்தகம் வந்தது. பூசை முடிந்து சாமியார் அதைத் தூக்கிக் காட்டினார். நாலு பேரை வைத்துச் சரிபார்த்தோம், நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் ஒரு பிழை இல்லை, மரியஅந்தோணிக்கு நன்றி என்றார். கைதட்டினார்கள். கோவிலுக்குள் கைதட்டுவது சாமியாருக்குப் பிடிக்காது. அன்றைக்கு விட்டுவிட்டார். லாசரஸ்கூடத் தட்டினான். என் முதுகு தானாக நிமிர்ந்தது. அது இன்றுவரை முழுதாக வளையவில்லை.

வீடு திரும்பியதும் நாற்காலியில் சாய்ந்து, பார்த்தாயா, சத்தம் இல்லாமலே சாதித்துவிட்டேன் என்றேன். உர்சுலா புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"இருநூத்திப் பதினாலு" என்றாள்.

"என்ன அது?"

"தினமும் மத்தியானம் திருத்துனது. லாசரஸுக்கு ஒம்பது பிள்ளைங்கன்னு போட்டிருந்தீங்க. அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்ட். எழுத்தெல்லாம் அதேதான். ஆனால் நானும் கிடங்கில் எத்தனையோ ஒப்பந்தம் படித்தவன். சட்டம் பேசினேன்.

"நம் பேச்சு பீப்புக்குத்தான். தப்புக்கு இல்லை. பீப் வரவில்லை. வேலையும் இல்லை."

அவள் யோசித்தாள். வக்கீல் ஆபீஸ் யோசனை.

"நியாயந்தான். பேச்சு பீப்புக்குத்தான்" என்று காகிதத்தை நாலாக மடித்தாள். "அப்ப ஒரு எட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேங்க. பிழை திருத்துனது யாருன்னு ஃபாதர் ஒருவேளை கேட்டாலும் கேப்பாரு. லாசரஸும் அங்கதான் இருப்பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு, கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

உரிக்க வேண்டியது சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா என்று கேட்டேன்.