யுத்தம் முடியும்வரை ஒரு மூட்டை ஏலக்காய்

1942 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. ஏலக்காய் ஒரு மூட்டை. உடையவன் பெயர் சிவசைலம், தென்காசியில் மலைச்சரக்கு வியாபாரி; அதாவது நான்.

யுத்தம் முடியும்வரை அந்த மூட்டையை விற்பதில்லை என்று அன்று சபதம் செய்தேன். என் கைமுதல் முழுவதும் அதற்குள் இருந்தது. மலையிலிருந்து செங்கோட்டை வழியாக வந்த முதல்தரப் பச்சைக்காய். கப்பல் ஓடாததால் சீமையில் கேக் மணக்கவில்லை. அரபு நாட்டில் ஏலமில்லாத காப்பியை விருந்தாளிக்குக் கொடுக்க வெட்கப்படுகிறார்கள். சண்டை ஓய்ந்த மறுநாள் உலகமே தென்காசிக்கு வந்து என் கதவைத் தட்டப்போகிறது. இதையெல்லாம் என் மனைவி குருவம்மாளிடம் விளக்கினேன்.

அவள் கவலை வேறு. அந்த மழையில் எங்கள் தெருவெங்கும் மலேரியாக் குளிர்காய்ச்சல். எதிர்வீட்டுச் சொரிமுத்துவின் இரண்டு பையன்களும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். எங்கள் ஒரே மகள் வடிவாம்பாள், ஒன்பது வயது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டிலோடு சேர்ந்து நடுங்கினாள். அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து ஜாவாவிலிருந்து வரும்; ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து மருந்துக்கடையில் அது கிடையாது. சரக்கு வியாபாரி ஹபீபுல்லாவிடம் மட்டும் கொஞ்சம் இருந்தது, யானை விலைக்கு.

"மூட்டையை வித்துருங்க. கொயினா வாங்கணும்" என்றாள்.

"ஏட்டி, இப்ப வித்தா பாதி வெலைதான். மிளகுக் கஷாயம் போட்டுக் குடு."

"சொரிமுத்து அண்ணாச்சி வீட்லயும் கஷாயந்தான் குடுத்தாவ."

நான் மூட்டையை மாடி அறையில் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். 1936-இல் வந்த விஷக்காய்ச்சல் என் மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. சந்தனமும் சாக்கடையும் எனக்கு ஒன்றே. ஏலக்காய் வியாபாரிக்கு இது வெளியே தெரிந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆகவே, வீட்டிலுள்ள பண்பொழி முருகன் படத்தின் முன் சரக்கை வைத்துக் கும்பிட்ட பிறகே விலை சொல்வேன் என்று ஊரில் சொல்லி, மாதிரிச் சரக்கை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். குருவம்மாள் முகர்ந்து தரம் சொல்வாள். கடைக்குத் திரும்பி, கண்ணை மூடி, நான் சொல்வேன். சிவசைலத்தின் மூக்கு என்று ஜில்லாவெங்கும் பெயர்.

மழைக்கால ஈரம் ஏலக்காய்க்கு எமன். வெள்ளிதோறும் மாடி அறையை நானே திறந்து அவளை முகரச் சொல்வேன். இரண்டாவது வெள்ளியன்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

"பூஞ்சை வாடை அடிக்கு."

வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும், வெயிலும் இல்லை. ஹபீபுல்லாவின் சரக்குக் கிட்டங்கியில் கனல் மூட்டிக் காயவைக்கும் அறை இருக்கிறது, மூன்று நாள் அங்கன கிடக்கட்டும் என்று யோசனை சொன்னாள். கொட்டுகிற மழையில் வண்டி கிடைக்கவில்லை. நானே தலையில் சுமந்தேன். குருவம்மாள் குடை பிடித்து வந்தாள், மூட்டைக்கு.

நான்காம் நாள் திரும்பி வந்த காய் கொஞ்சம் வெளுத்திருந்தது. சூடு பட்டால் வெளுக்காதா என்று கேட்டாள். முகர்ந்துவிட்டு, இப்போதுதான் தேவலோகம் மாதிரி இருக்கிறது என்றாள். நிம்மதியாகப் பூட்டினேன்.

அதே வாரம் வடிவுக்குக் காய்ச்சல் விட்டது. என் மிளகுக் கஷாயத்தின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னேன். சொரிமுத்துவின் மனைவியிடமும் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு மேல், வெள்ளி தவறாமல், குருவம்மாள் முகர்ந்து மெச்சினாள். யுத்தம் முடிந்தது. 1946 ஜனவரியில், வெளிநாட்டுக்கு ஏலக்காய் அனுப்பும் மசூது கொச்சியிலிருந்து வந்தார். பத்துப் பேரைக் கூட்டிவைத்து மூட்டையைப் பிரித்தேன். அவர் ஒரு காயை உடைத்தார். உள்ளே மணக்கிற கறுப்பு அரிசி இல்லை. இன்னொன்று, அதிலும் தூசிதான்.

"அண்ணாச்சி, இது சல்லடையில கழிச்ச சரக்கு" என்றார் மெதுவாக. "நாப்பத்திரண்டுல உங்க வீட்டம்மா ஹபீபுல்லா பாய்கிட்ட ஒரு மூட்டை கொடுத்தாங்களே, அதுல்லா காய். பஸ்ராவுக்குப் போச்சு. காப்பிக்கடைக்காரங்க இன்னும் கடுதாசி போடுதாங்க. தரம் பார்க்கறதே உங்க வீட்டம்மாதான்னு பாய் சொன்னார். நிசமா?"

பத்துப் பேரும் என் மூக்கைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மூட்டையை எப்படி வெளியே கொண்டுபோனாள் என்று கேட்டேன்.

"நீங்கதானே சுமந்துட்டுப் போனிய."

"வாராவாரம் பொய் சொல்லியிருக்கியேட்டி."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கஷாயம்னு நீங்களும் ஊரெல்லாம் சொன்னியள்லா. நான் ஏதாவது கேட்டேனா? பிள்ளை அங்கன பாண்டி ஆடிக்கிட்டிருக்கா. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தாள்.

குருவம்மாள் தரம் சொன்னால் மட்டுமே தென்காசியில் சரக்கு எடுப்பதாக மசூது சொல்லிவிட்டார். எனக்கு வேறு வழியும் இல்லை, கைமுதலும் இல்லை.

1946 பிப்ரவரி 11, திங்கட்கிழமை, கடைப் பலகையில் என் பெயரை அழித்துவிட்டுக் குருவம்மாள் பெயரை எழுதினார்கள்.