கொக்குவில் இருபஞ்சாங்கப் பெரும்போர்

நான்காண்டுக் கணினிக் கல்விக் கடலை நீந்திக் கரையேறி, இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை மூன்று நாள் ஊணுறக்கமின்றி முடித்து, பதினேழு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துப் பதினைந்திடமிருந்து ஒரு சொல்லும் வாராதபோதும் மனந்தளராத மாதரசி, விசைப்பலகை வித்தகி, கொக்குவில் கிழக்கின் குலவிளக்கு, நிவேதனா வாழ்க! அவள் வெள்ளிக்கிழமை காலையில் ஆடிய பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம்; நாவிலுறை வாணியே, சொற்பிழை பொறுத்தருள்க. பாட்டுடைத் தலைவிக்கு வயது இருபத்து நான்கு.

அன்னவள்பால் இரு வேலைத் திருமுகங்கள் ஒருங்கே வந்திறங்கின. ஒன்று, யாழ்ப்பாண நகரில் மருந்துக்கடையொன்றின் மேல்மாடியில் ஒன்பது பேரோடு கோலோச்சும் சிறு மென்பொருள் நிறுவனத்தினது. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். மற்றது, கொழும்பில் கண்ணாடிச் சுவரும் மின்தூக்கியும் துலங்க வீற்றிருக்கும் பெருநிறுவனத்தினது. இரண்டும் வெள்ளி நண்பகல் பன்னிரண்டுக்குள் மறுமொழி கேட்டன. பெற்ற ஒரே மகளைப் பத்து நிமிடத் தூரத்துக்கு அப்பால் விட மனமொவ்வாத தந்தை, ஓய்வுபெற்ற தபாலதிபர் அருளம்பலம், யாழ்ப்பாணத்தின் பக்கம் அணிவகுத்தார்; கனடாத் தமக்கையிடம் எடுத்துச் சொல்லப் பெயருள்ள கொம்பனியொன்று வேண்டி நின்ற தாய் சுபாஜினி, கொழும்பின் பக்கம் கொடியேற்றினார். நிவேதனாவை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் வேண்டியதோ கண்ணாடிச் சுவருமன்று, மின்தூக்கியுமன்று. கொழும்பு வெள்ளவத்தையில் தோழி ஜெசிதாவின் அறையில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. அவ்வறைக் கதவைச் சாத்தினால் சாத்தினபடியே இருக்கும். கொக்குவில் மனையிலோ கதவென்பது காற்றுக்கு மட்டுமே தடை. “பிள்ளை, என்ன செய்யிறாய்?” என்று அம்மா எட்டிப் பார்ப்பார், அவர் அகன்று ஐந்து நிமிடத்தில் அதே கேள்வியோடு அப்பா வருவார். பாசந்தான், யார் இல்லையென்றார்? இருபத்து நான்கு வருடப் பாசம் கொஞ்சம் மூச்சு முட்டும். அந்தக் கட்டிலுக்காகவே அவள் கொழும்பை விரும்பினாள்.

நிற்க. நல்ல காரியத்துக்கு நேரம் பாராதார் அந்நிலத்தில் யாருளர்? அருளம்பலம் வழிவழி வந்த வாக்கிய பஞ்சாங்கத்தார். சுபாஜினி புகுந்தகம் கொணர்ந்த சீதனங்களுள் திருக்கணித பஞ்சாங்கமும் ஒன்று. இருபத்தாறு வருட இல்லறத்தில் இவ்விரு ஏடுகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்ததில்லை. அன்று காலை எட்டு ஐந்து முதல் எட்டு ஐம்பது வரை சுபம் என்றது தந்தையின் ஏடு. அந்நேரம் அட்டமி, ஒன்பது நாற்பதுக்குப் பின்னரே சுபம் என்றது தாயின் ஏடு. தலைவியின் கைப்பேசியோ, பஞ்சாங்கத்துப் பொடியெழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவென்று விடியலிலேயே தந்தையால் சிறைபிடிக்கப்பட்டிருந்தது.

எட்டு ஐந்து ஆயிற்று. சுவர்மணிக்கூட்டின் கீழ் நின்று அருளம்பலம் முழங்கினார்:

“பிள்ளை, யாழ்ப்பாணத்துக்கு ஓம் எண்டு அனுப்பு. இப்பிடியொரு நேரம் இனி ஆவணியிலைதான்.”

முழக்கம் ஓயுமுன், அகப்பையேந்திய அரசியெனச் சமையற்கட்டினின்று புறப்பட்ட சுபாஜினி, வைஃபைப் பெட்டியின் செருகியை வேரோடு பிடுங்கி, அவ்விடத்தே மிக்சியைச் செருகி, “சம்பல் அரைக்காமல் இடியப்பத்தை என்னத்தோடை தின்னுறது?” என்று மறுமுழக்கஞ் செய்து, திசை எட்டும் அதிர அரைக்கலானார். ஒரு பாதித் தேங்காயை நாற்பத்தைந்து நிமிடம் அரைத்த பெருமை அவருக்கே உரியது. எட்டு ஐம்பது கடந்ததும் மிக்சி நின்றது.

ஒன்பது நாற்பதுக்குத் தாயின் முறை. “இப்ப கொழும்புக்கு அனுப்பு பிள்ளை” என்ற ஆணை பிறந்த கணத்தில், ஸ்டூல் ஏறி நின்ற அருளம்பலம் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி வீட்டையே இருளாக்கினார். “பியூஸிலை ஒரு சின்ன வேலை கிடக்கு.” அச்சின்ன வேலை ஐம்பது நிமிடம் நடந்தது. அவர் கையில் திருகாணிச் சாவிகூட இல்லை.

பத்தரைக்கு இராகு காலம் பிறந்தது. ஈரேடும் ஒருமனப்பட்டு ஒப்பும் செய்தி அஃதொன்றே ஆதலால், பகை மறந்த இருவரும் ஒருசேர அறிவித்தனர்: “இனி ஒருத்தரும் ஒண்டும் தொடங்கக்கூடாது.”

“இஞ்சாருங்கோ, பதில் அனுப்புற நேரம் பன்னிரண்டோடை முடியுமெண்டெல்லோ போட்டிருக்கு?” என்றார் சுபாஜினி.

“பன்னிரண்டு ஐஞ்சும் பன்னிரண்டுதான். நீர் பேசாமல் இரும்” என்று சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, அவர் வாழைக்குத் தண்ணீர் விடப் போனார். அம்மையார் முருங்கைக்காய் நறுக்கப் போனார்.

பன்னிரண்டு ஐந்தைப் பன்னிரண்டென்று கணினி ஒப்பாது என்பதை நிவேதனா அறிவாள். களமோ வெறிதாய்க் கிடந்தது; இருபத்து நான்கு வருடத்தில் முதன்முறையாக அவளை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செருகியைச் செருகினாள், வைஃபைப் பெட்டியிற் பச்சை விளக்கு எரிந்தது, தன் கணினியைத் திறந்தாள், பதினொன்று பதினான்குக்கு, இராகு பகவானின் திருமுன்னிலையில், வலக்கைச் சுட்டுவிரலால் கொழும்புக்குச் சம்மதம் எய்தாள்.

“அனுப்பிப்போட்டன்” என்றாள். “கொழும்புக்கு.”

முருங்கைக்காயோடு ஒருவரும் நீர்க்குழாயோடு ஒருவரும் ஓடிவந்தனர். “எப்ப?” என்றனர் இருவரும். பதினொன்று பதினான்கு என்றதும் தலையிற் கைவைத்து அமர்ந்தனர்.

அவர்கள் எழுமுன் கொழும்பினின்று மறுமொழி வந்தது. நிவேதனா வாய்விட்டு வாசித்தாள்: தங்கள் வரவு நல்வரவாகுக, நியமனக் கடிதத்தின் நான்காம் பக்கத்திற் கூறியவாறு, புதிதாய்ச் சேர்வோர் முதல் இரண்டு வருடமும் தத்தம் வீட்டிலிருந்தே பணியாற்றுவர், மடிக்கணினி தபாலில் வரும். அந்தோ, இரு பஞ்சாங்கங்களை எழுத்தெண்ணிக் கற்ற அம்மனையில், நான்காம் பக்கத்தைப் புரட்டிய கை ஒன்றுமில்லை, தலைவியின் கை உட்பட.

“கண்டீரோ, பிள்ளை வீட்டிலைதான்” என்று தந்தை வெற்றிச் சங்கூதினார். தாய் அதற்குள் அவரது சட்டைப்பையில் சிறையிருந்த மகளின் கைப்பேசியைப் பறித்துக் கனடாவை அழைத்திருந்தார்: “அக்கா, பிள்ளைக்குக் கொழும்புக் கொம்பனியாம்.” இரு படையும் வென்ற அவ்வதிசயக் களத்தில் தோற்றவள் ஒருத்தியே. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, ஜெசிதாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த மாதம் முதலாந் திகதி காலை எட்டரைக்கு அவள் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறக்க, “பிள்ளை, என்ன செய்யிறாய்?” என்று அம்மா எட்டிப் பார்த்தார்.