நம்பிக்கைக்கு மீறிய நிம்மதி

நகரக் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் ஒருவர் நிம்மதியாக இருக்கிறார் என்ற செய்தி, வாரியத்தின் மேலான கவனத்துக்கு வந்து சேரப் பதினாறு வருடங்கள் ஆயின. குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி வந்து சேர ஆகும் காலத்தோடு பார்த்தால் இது அப்படியொன்றும் தாமதமில்லை. ஆனால் தெரிய வந்த பிறகு வாரியம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த ஒருவர் புகார் எழுத்தர். மாடிப்படிக்குக் கீழே, கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய நாற்காலி. காலை பத்து மணிக்கு ஜன்னல் திறந்தால் மாலை ஐந்து மணி வரை ஊரில் குழாய் காய்ந்து கிடக்கும் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அவர் முகத்துக்கு நேரே நின்று கத்துவார்கள். ஒருமுறை ஒருவர் காலி வாளியை ஜன்னல் கம்பிமேல் வீசி அடித்தார். எழுத்தர் எழுந்து வெளியே போய், உருண்டுகொண்டிருந்த வாளியை நிமிர்த்தி வைத்து, "எந்தத் தெருங்க?" என்று கேட்டார். அன்றைக்கு அலுவலகத்தில் அவருக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். அவர் தெருப் பெயரை எழுதிக்கொண்டால் தண்ணீர் வந்துவிடும் என்பதில்லை. சொன்னதை ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டார் என்ற ஆறுதலோடு ஜனங்கள் திரும்பிப் போனார்கள். தையல்கார அம்மா ஒருவர் வாரத்தில் மூன்று நாள் தவறாமல் வருவார். அவர் தெருக்குழாய் காய்ந்து ஐந்து மாதம் ஆகிறது. புகாரை முதல் வாரமே பதிந்தாயிற்று. மற்ற நாட்களில் வருவது சும்மா சொல்லிவிட்டுப் போவதற்குத்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில் நிர்வாக இயக்குநர் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு மனஅழுத்தம் குறைவாகவும் மகிழ்ச்சி அதிகமாகவும் இருப்பதாக அங்கே ஓர் ஆய்வைப் படித்துக் காட்டியிருந்தார்கள். ஆய்வில் 'சில இடங்களில்', 'ஓரளவு' என்றெல்லாம் இருந்தது. சுற்றறிக்கை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

வாரியத்தில் அழுத்தம் இருந்தது உண்மைதான். குழாயில் இல்லாத அழுத்தமெல்லாம் ஊழியர்களிடம் இருந்தது. காலியாகக் கிடந்த நாற்பத்திரண்டு பணியிடங்களை நிரப்பியிருந்தாலும் அது குறைந்திருக்கும். அதற்கு நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும். கடவுளுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. ஆகவே 'பணியாளர் மனஅமைதி மேம்பாட்டுத் திட்டம்' உடனடியாக அமலுக்கு வந்தது.

ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். மதம் எதுவானாலும் ஆட்சேபணை இல்லை. எதுவும் இல்லை என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. தினசரி வழிபாடு எத்தனை நிமிடம், ரத்த அழுத்தம் எவ்வளவு, மனஅமைதிக்கான ஆதாரம் என்ன, ஆதாரத்துக்கான ஆவணத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளதா என்று வரிசையாகக் கேள்விகள் இருந்தன. அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று கண்காணிப்பாளர் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கண்காணிப்பாளர் பக்திமான். காலையில் மேஜை முன்னால் கண்ணை மூடி இருபது நிமிடம் நின்ற பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அவர் உட்காரும்வரை கோப்புகளும் பயபக்தியோடு காத்திருக்கும். மெஷின் முதலில் அவர் கையைத்தான் பிடித்தது. நூற்று அறுபத்தெட்டு காட்டியது. "புது மெஷின், பழக வேண்டாமா" என்று சொல்லிவிட்டு நூற்றிருபது என்று எழுதினார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதினார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். சாயங்காலத்துக்குள் வாரியத்தில் ஒருவர் நீங்கலாக இருநூற்றுப் பதினோரு பேருக்கும் ஒரே ரத்த அழுத்தம். எந்த மருத்துவமனையும் எட்டாத சாதனை.

பச்சைத்தண்ணியின் படிவம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் படியிறங்கி வந்தார்.

"என்னய்யா இது? நம்பிக்கை இல்லைன்னு ஓரத்துல எழுதியிருக்க. பிரஷர் நூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்க. ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணுமே."

"ரெண்டும் உண்மைதான் சார்."

"சர்க்குலர்படி அப்படி வராதேப்பா."

"நான் சர்க்குலர் வர்றதுக்கு முன்னாடியிலிருந்தே இப்படித்தான் சார்."

"அதாவது, அனுமதி வாங்காம பதினாறு வருஷமா இருந்திருக்க." கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "பேசாம ஒரு டிக் போட்டுட்டுப் போயேன்."

"பொய் எழுதச் சொல்றீங்களா சார்?"

"சாமி விஷயத்துல பொய் சொல்லச் சொல்வேனா நான்? டிக் போடத்தானே சொன்னேன்."

எழுத்தர் யோசித்துப் பார்த்தார். "வீட்ல அவ வேண்டிக்கிறா சார். என் பங்கையும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறதா சொல்லுவா. அதை எழுதிக்கலாமா?"

மனைவி மூலம் வைத்திருக்கும் நம்பிக்கை செல்லுமா என்று மேலிடத்துக்குக் கோப்பு போனது. மூன்றே நாளில் திரும்பி வந்தது. ஊழியரின் குடும்பத்தினர் ஊழியர் பெயரில் மருந்து வாங்கலாம், நிம்மதி வாங்க விதியில் இடமில்லை என்று பதில். கூடவே ஒரு குறிப்பாணை. வருமானத்துக்கு மீறிய சொத்து சேர்ப்பவர்களைப் பற்றி வாரியத்துக்குத் தெரியும், நம்பிக்கைக்கு மீறிய நிம்மதி சேர்த்தவரை இப்போதுதான் பார்க்கிறது. பதினைந்து நாளுக்குள் தக்க ஆதாரத்துடன் விளக்கம் தர வேண்டும். தவறினால், ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு நிர்வாக நலன் கருதி மாற்றப்படுவார்.

குறிப்பாணையை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். பதினோரு வருடம் இராப்பணி பார்த்து, மனு மேல் மனு போட்டு, போன மாதம்தான் பகல் பணி கிடைத்திருக்கிறது. இத்தனை வருடமும் ஒரே வீட்டில் இரண்டு ஷிப்டாகக் குடும்பம் நடத்தியவர்கள். இந்த ஒரு மாதமாகத்தான் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். ஒன்பது மணி நேரத் தொலைவு என்றால் அந்தக் காப்பி போச்சு.

அவள் குறிப்பாணையை இரண்டு தடவை படித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அத்தனை பேர் கத்துறாங்களே, உங்களுக்கு எப்படித்தான் கோபம் வராம இருக்கு?"

"அவங்க சொல்றதெல்லாம் நியாயமாத்தானே இருக்கு. நியாயத்தைப் பேசுறவங்ககிட்ட எப்படிக் கோபப்படுறது?"

"இதை எழுதிக் குடுத்துடாதீங்க. வேலையே போயிடும்."

"சரி, நீ சொல்லு. தினமும் வேண்டிக்கிறியே, உனக்குக் குறையுதா?"

அவள் அலமாரித் தட்டில் தான் விளக்கேற்றி வைத்திருந்த மூலையைப் பார்த்தாள். "குறையுதான்னு யாரு அளந்து பாத்தா? வார்டுக்குள்ள போனா இருபது பேரோட வலியையும் தூக்கிச் சுமக்கணும். அதைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்க ஒரு இடம் வேணும். அப்புறம் மறுபடியும் தூக்கிக்கத்தான் போறேன். பிரஷர் மாத்திரையும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்போ உன்மேலயும் ஒரு விசாரணை வைக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு சிரிப்பு வரப் பல வாரங்கள் ஆயின.

விசாரணை அதிகாரி கிடங்குப் பிரிவிலிருந்து வந்தவர். காணாமல் போன குழாய்களை விசாரித்துப் பழக்கப்பட்டவர், நிம்மதியையும் அதே முறையில் விசாரித்தார்.

"இது உங்ககிட்ட எப்ப வந்தது?"

"ஞாபகமில்லைங்க."

"யாருகிட்டேருந்து வாங்கினீங்க? கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"யாரும் குடுக்கலைங்க. தானா இருந்தது."

"தானா இருந்ததுன்னா உபரி. உபரியா இருக்கிறதை ஒப்படைச்சிருக்கணுமே. வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

எழுத்தர் தையல்கார அம்மாவை நினைத்துக்கொண்டார். அந்த அம்மாவையும் இழுத்து வைத்துக் கேள்வி கேட்பார்களோ என்று பயமாக இருந்தது. "இல்லைங்க" என்றார். பதினாறு வருடத்தில் அலுவலகத்துக்குள் அவர் சொன்ன முதல் பொய் அது. விசாரணை முடிந்து மெஷின் வைத்துப் பார்த்தபோது நூற்று முப்பத்தொன்று காட்டியது.

"பரவாயில்லை, முன்னேற்றம் தெரியுது" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

இரண்டாவது விசாரணைக்கு நூற்று நாற்பத்தொன்பது. எழுத்தருக்குத் தூக்கம் போயிற்று. ஜன்னலில் யாராவது குரலை உயர்த்தினால் தெருப் பெயரைத் தப்பாக எழுதினார். மூன்றாவது விசாரணை அன்று காலையில், அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்: "கடவுளே, இந்த ஒரு ஃபைலை மட்டும் மூட வெச்சிடு." பக்கத்தில் சாட்சியாக வந்த கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே மெஷின் நூற்று எழுபது காட்டியது. அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நம்பிக்கை கிடையாது, அழுத்தம் இருக்கு. சர்க்குலரோட அச்சாப் பொருந்துது. முரண்பாடு நீங்கிடுச்சு. கோப்பை முடிச்சிடலாம்."

இந்த இடத்தில் கண்காணிப்பாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நல்ல மனசுதான் அவரைக் கெடுத்தது. "சார், இவர் இப்போ நம்பறார் சார். வெளியில வேண்டிக்கிட்டார், நானே காதால கேட்டேன்."

அதிகாரியின் பேனா நின்றது. "நம்பறாரா? நம்பிக்கையும் இருக்கு, நூத்தி எழுபதும் இருக்கா? அப்போ இது வேற கேஸ். பலனளிக்காத நம்பிக்கை. தரக்குறைவான சரக்கு. இருக்கிற எல்லாருடைய நம்பிக்கையையும் மறுபடியும் மெஷின் வெச்சு..."

"வேண்டாம் சார்" என்றார் கண்காணிப்பாளர். தன்னுடைய நூற்று அறுபத்தெட்டு அவர் கண்முன் வந்து நின்றது. அதிகாரியும் தன் படிவத்தில் எழுதியிருந்தது என்ன என்று யோசித்திருக்க வேண்டும், பேனாவை மெல்ல மூடிக் கீழே வைத்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து எழுத்தர் பக்கம் நகர்த்தினார். அதன் பிறகு எழுத்தர் நம்பிக்கைக் கட்டம் ஒன்றில் டிக் போட்டு, அழுத்தம் நூற்றிருபது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். கோப்பு மூடப்பட்டது. மாற்றல் ரத்தாயிற்று. வேண்டுதல் பலித்ததா இல்லையா என்று கேட்டால், எழுத்துப்பூர்வமாகப் பலித்தது.

இத்தனையும் நடந்ததில் பச்சைத்தண்ணி கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இப்போது எல்லோரையும் போல ஓர் எழுத்தர். "நேத்து சொன்னதையே இன்னிக்கும் சொன்னா என்னங்க அர்த்தம்?" என்பார். "நான் என்ன வாயால தண்ணி விடணுமா?" என்பார். வாரியமோ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கியிருந்தது, பொதுமக்களின் நம்பிக்கையை அளப்பது. ஜன்னல் ஓரத்தில் ஸ்டூல் போட்டு, தாளும் பென்சிலுமாகக் கண்காணிப்பாளரை உட்கார வைத்தார்கள். யாராவது கடவுளைக் கூப்பிட்டால் ஒரு கோடு போட வேண்டும்.

தையல்கார அம்மா வந்தார். எட்டாவது மாதம்.

"சார், இன்னிக்கும் வரலை சார். துணி தைக்கக் குடுத்தவங்க வீட்டுக்குப் போயி குடத்துல..."

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். புகார் நம்பர் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா நகருங்க."

அந்த அம்மா கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்தார். கோபமில்லை, திகைப்பு. "உங்ககிட்ட சொன்னா பாதி பாரம் போயிடும்னுதான் சார் பஸ் ஏறி வர்றது." கையை எடுத்துக்கொண்டார். "சரி. கடவுளே, இனிமே நீதான் பாத்துக்கணும்."

கண்காணிப்பாளர் ஒரு கோடு போட்டார். எழுத்தர் அந்த அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்தவர் ஜன்னலுக்கு வந்து கத்தத் தொடங்கிவிட்டார்.

வருட முடிவில் அறிக்கை வெளியாயிற்று. வாரியத்தின் இடையறாத சேவையின் பயனாக, பொதுமக்களிடையே கடவுள் நம்பிக்கை மும்மடங்கு உயர்ந்திருந்தது. நம்பிக்கை உயர்ந்தால் மகிழ்ச்சி உயரும் என்பது ஏற்கெனவே நிரூபணமான ஒன்று. ஆகவே ஊரே மகிழ்ச்சியாக இருந்தது. தண்ணீரைப் பற்றிய பத்தி பக்க வரம்பு கருதி நீக்கப்பட்டது. இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். மற்ற துறைகளிலிருந்து வந்து வழிமுறையைக் கேட்டுப் போனார்கள். கேட்ட பிறகுதான் தாங்களும் இதைப் பல காலமாகப் பெயர் வைக்காமல் செய்து வருவது அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த வாரம் எழுத்தர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மின்சார அலுவலகத்துக்குப் போனார். வீட்டு மீட்டர் ஓடாமல் நின்று நாலு மாதம். முதல் ஜன்னலில் மூன்றாவதுக்குப் போகச் சொன்னார்கள், மூன்றாவதில் முதலாவதுக்கு. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு உள்ளே இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் ஜன்னலைச் சாத்தினார்.

"கடவுளே" என்றார் எழுத்தர். உள்ளிருந்து வந்த சொல்தான், டிக் போட்டது இல்லை. சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அங்கே ஸ்டூலும் இல்லை, பென்சிலோடு ஆளும் இல்லை. ஒரு நல்ல வேண்டுதல் கணக்கில் சேராமல் வீணாகப் போயிற்றே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.