சட்டைப் பையில் ஒரு பழைய மோதிரம்

"இது யாரோடது?"

தையற்காரர் வாயில் குண்டூசி இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தாமதமே குற்றமாகிவிட்டது.

துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் மனைவிக்குக் கிடைத்த மோதிரம், நுரையோடு அவர் மூக்குக்கு நேரே நின்றது. மாமியார் காலமானபின் அவர்களோடு வந்து தங்கிவிட்ட மாமனார், செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? கறுத்துப்போய்க் கிடக்கு பாரு. எவளுக்காவது வாங்கினா புதுசா வாங்கமாட்டேனா?"

"ஓ, வாங்குற யோசனை வேற இருக்கா?"

அவளை நகைக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு பச்சையானது.

"பித்தளைங்க. கல்லு வெறும் கண்ணாடி."

"கேட்டியா?" என்றார் தையற்காரர், விடுதலையானவர் போல.

"கேட்டேன். அவளையும் ஏமாத்தியிருக்கீங்க. பாவம், யார் பெத்த பொண்ணோ."

வழியெல்லாம் அந்தப் பெண்ணுக்காக அவள் மூக்கைச் சிந்தினாள். பொறுக்கமாட்டாமல் அவர் பழம்பொருள் கடையில் நுழைந்தார். அங்கிருந்தவர் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"பித்தளைன்னு எவன் சொன்னான்? தங்கம்தான். செம்பு தூக்கல், அதான் பச்சை காட்டுது. கல்லு கையால பட்டை தீட்டினது. நூறு வருஷம் இருக்கும்."

"நூறு வருஷம்! அப்ப நான் பொறக்கவேயில்ல" என்றார் தையற்காரர்.

"பரம்பரை மோதிரத்தையே கழட்டிக் குடுத்திருக்கா" என்றாள் மனைவி, குரல் உடைந்து. "அவ்வளவு தூரம் போயிடுச்சு."

"ஐயோ, எனக்குக் குடுத்ததா இருந்தா என் விரல்ல ஏறணும்ல? இந்தா பாரு."

சுண்டுவிரலில் வழுக்கிக்கொண்டு ஏறியது. இறங்க மறுத்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே, டைலர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இழுத்தாள். தையற்காரர் வாசலை மறித்து நின்றார். வீங்கிய விரலும் அவருமாக, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"அப்பா, கிளம்புங்க. நூறு வருஷத்துப் பரம்பரை மோதிரமாம், எவளோ குடுத்திருக்கா. இந்த வீட்ல இனி நமக்கென்ன இருக்கு?"

மாமனார் செய்தித்தாளை மெதுவாக மடித்தார்.

"நான் வரலம்மா. அது என் மோதிரம். கடையில காட்டிட்டு வாங்கன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் அவர் பையில போட்டுட்டேன். நூறு வருஷம்னு சொல்லிட்டாங்கல்ல, போதும். மாடி வீட்டம்மாவுக்குப் பழசுன்னாத்தான் பிடிக்குமாம்."