வால்வு அண்ணையும் வெங்காயத் தோட்டத்து மோட்டரும்

யாழ்ப்பாணத்தில் கரண்ட் குறைந்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் வால்வு அண்ணைதான். லைட் மங்கினால் ஊரே திட்டும். அவர் கிற்றாரைத் தூக்குவார்.

எங்கள் இசைக்குழுவில் அவர் கிற்றார், நான் கீபோர்ட். அவருடைய அம்பிளிபயர் பழைய கண்ணாடி வால்வுக் குழாய்கள் வைத்தது; அதனால்தான் அந்தப் பெயர். தூக்கினால் இடுப்புப் பிடிக்கும், தொட்டால் தோசைக்கல் மாதிரிச் சுடும். ஆனால் பலமாக அடித்தால் சத்தம் கத்தாது. சற்றுத் தாழ்ந்து, பிறகு மெல்ல எழும்பி நிற்கும். "அடிச்சவனுக்கு மரியாதை குடுக்குது, பாத்தியே?" என்பார். கரண்ட் குறைந்தால் அந்தத் தாழ்வு இன்னும் இனிக்கும்.

புத்தூரில் மாஸ்டர் வீட்டில்தான் பயிற்சி. மாஸ்டர் எங்கள் குழுத் தலைவர். பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் போட்டால் அந்த ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் கரண்ட் குறையும். மோட்டர் ஓடாமல் வால்வு அண்ணை கம்பியைத் தொடமாட்டார். ஒருநாள் நல்ல மழை. தோட்டக்காரரை வேலியடியில் கூப்பிட்டார்.

"மழை கொட்டுது, ஏன் மோட்டர்?"

"வெங்காயத்துக்கில்லை, எனக்கு. ஒருக்காப் போடுங்கோவன்."

இப்படிப் போட்டுப் போட்டு அந்தமுறை வெங்காயம் அழுகியது. தோட்டக்காரர் பேசாத பேச்சில்லை. அடுத்த கிழமை அதே தோட்டக்காரர் வீட்டுப் பந்தியில் வால்வு அண்ணை முதல் ஆளாய் இருந்தார். யாரோடு கோபமென்றாலும் அவர் சாப்பாட்டை மட்டும் விட்டதில்லை.

பிறகு மாஸ்டரின் மச்சான், அவரும் கிற்றார்காரர், கனடாவிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். இரண்டு சவர்க்காரப் பெட்டி அளவுதான். அது மெல்லியதும் பலத்ததுமாய்ச் சத்தங்களை அம்பிளிபயருக்குள் அனுப்பும். வெளியே வருவதைக் கேட்டு, எந்த அடிக்கு எவ்வளவு தாழ்கிறது, எப்படி மீள்கிறது என்று கணக்குப் போட்டுத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பிறகு அம்பிளிபயரே தேவையில்லை.

வால்வு அண்ணைக்கு ஒரே பெருமை. "மோட்டரைப் போட்டிட்டுப் பிடியும் ஐசே. இல்லாட்டி அரைகுறையாத்தான் வரும்," என்று தானே வேலியடிக்கு ஓடினார். தன் சத்தத்தைத் தன் கையாலேயே தாரை வார்த்தார்.

மாஸ்டரின் மகளுக்கு வீட்டிலேயே கல்யாணம்.

"அண்ணை, உங்களுக்கேன் கரைச்சல்? இந்தமுறை விருந்தாளியா வாங்கோ," என்றார் மாஸ்டர். இத்தனை வருடம் கூட வாசித்தவரை வெளியே தள்ள எவ்வளவு இனிப்பான வசனம்.

வேட்டி சால்வையோடு வந்து முன்வரிசையில் இருந்தார். மேடையில் அவருடைய இடத்தில் மச்சான், காலடியில் பெட்டி. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பந்தல் பல்புகள் மங்கியிருந்தன. முதல் பாட்டிலேயே மச்சான் பலமாக ஒரு அடி அடித்தார். சத்தம் தாழ்ந்தது, மெல்ல எழும்பியது. வால்வு அண்ணை எழுந்து வேலிப் பக்கம் போனார். சற்று நேரத்தில் தோட்டத்து மோட்டர் நின்றது. பந்தல் பல்புகள் பளிச்சென்றன. திரும்பி வந்து மேடை ஓரம் நின்று அடுத்த பாட்டை முழுதாய்க் கேட்டார்.

"நான்தான் மோட்டரை நிப்பாட்டுவிச்சனான் தம்பி," என்றார் என்னிடம். "அப்பவும் அப்பிடியே தாழுது."

மச்சானின் காலடிப் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் பிடிச்சிருக்கிறான்."

உள்ளே வாழையிலை போட்டுப் பந்திக்குக் கூப்பிட்டார்கள். வால்வு அண்ணை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போனார். என்னை மாஸ்டர் இழுத்து இலைக்கு முன்னால் இருத்தினார். பக்கத்து இலையில் வேறு யாரும் இருக்கக் கூடாதென்று கையை வைத்து மறித்துக்கொண்டிருந்தேன்.