ஒல்லாந்தத் தளபதியின் குளியல் தொட்டி

"இந்தக் கயித்த அவிழுங்க எண்டு சொன்னா..."

"அனஸ்தாசியா, அது கயிறில்ல, பாதுகாப்பு எல்லை..."

"எல்லையாம். மீன் வெட்டி வச்சு ஒரு மணித்தியாலமாகுது. நான் எங்க கொண்டுபோய் உப்புப் போடுற?"

"தளபதி குளிச்ச தொட்டியில உப்புப் போடக் கேக்கிறியே, உனக்கு மனச்சாட்சி இருக்கா?"

"தளபதியோ? போன கிழமை அதுக்குள்ள திருக்கைதான் கிடந்தது."

உலகத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் யாவும் வீட்டுக்காரியின் எதிர்ப்போடுதான் தொடங்கியிருக்கின்றன. கயிற்றடியில் நின்ற புருஷன் எவ்வளவு சொல்லியும், கற்பிட்டிக் கரையில் கருவாடு போடும் அனஸ்தாசியாவுக்கு இந்த உண்மை புரியவில்லை. அவள் அறிவுக்கு எட்டியது இவ்வளவுதான்: விடியத் தம்பியின் படகில் வந்த கட்டா மீன் வயிறு கிழித்துப் பாயில் கிடக்கிறது, அவளிடம் இருப்பது கயிற்றுக்குள் அகப்பட்ட இந்த ஒரேயொரு உப்புத் தொட்டி, மத்தியானத்துக்குள் உப்புக் காணாத மீன் கருவாடாகாது, நாறும்.

சண்டை ஓய்ந்து, டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்த காலம் அது. டொல்பின்களோ பொறுப்பில்லாத பிராணிகள், காலை ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடும். மிச்சப் பகலுக்கு வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற தேசியப் பிரச்சினையைத் தீர்க்கவே 'கடலோர மரபுரிமைப் பேணல் மற்றும் உல்லாசப் பயண ஊக்குவிப்புக் குழு' அவதரித்தது. தலைவர், ஹோட்டல் முதலாளி வின்சன்ட். நாற்பது வாகனம் நிற்கக்கூடிய முற்றத்தோடு ஹோட்டல் கட்டியவர். மரபுரிமை என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்குவார். ஜெட்டியடியில் நின்ற ஒல்லாந்தர் காலத்துச் சரக்குக் கிட்டங்கி 'காலத்தின் கொடுமையால்' மறைந்துபோனதைச் சொல்லி வருந்தாமல் அவர் எந்தக் கூட்டத்தையும் ஆரம்பித்ததில்லை.

குழுவின் நிபுணர் போன வாரம் கருவாடு வாங்க வந்த இடத்தில், தொட்டிச் சுவரில் ஒரு கல்லைக் கண்டார். அதில் ஒரு நங்கூரமும் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் என்று ஓர் ஆண்டும் தலைகீழாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கழுத்தைச் சாய்த்து வாசித்தார். அன்றைக்கே அறிக்கை தயாரானது. தரை ஒரு பக்கம் சரிகிறது, மூலையில் தண்ணீர் போகத் துவாரம் இருக்கிறது, ஆகவே இது ஒல்லாந்தத் தளபதியின் குளியல் தொட்டி. ஆண்டு ஏன் தலைகீழாக இருக்கிறது? தளபதி மல்லாந்து கிடந்து அண்ணாந்து பார்த்தால் நேராகத் தெரியும். இந்த விளக்கத்தைக் குழு எழுந்துநின்று ஏற்றுக்கொண்டது. உப்பு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டபோது, கடல்நீர்க் குளிப்பு அக்காலத்து வைத்தியம் என்றார் நிபுணர். கருவாட்டு வாடையைப் பற்றிக் கேட்கும் அநாகரிகம் யாருக்கும் வரவில்லை.

மறுத்துப் பேசக்கூடிய ஒரே மனிதர் அனஸ்தாசியாவின் புருஷன் கில்பட். தொட்டியைத் தன் கையால் கட்டியவர் அவர். தட்டையான பக்கம் கீழே வந்தால்தான் நிற்கும் என்று அந்தக் கல்லைத் தலைகீழாக வைத்தவரும் அவரே. ஆனால் குழு அவருக்கு 'மரபுக் காவலர்' என்று எழுதிய நீலச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்துவிட்டது. மூன்று நாளாகச் சட்டையைத் தோய்க்கக்கூட அவர் கழற்றவில்லை. தான் பிறக்க முன்னமே தொட்டி அங்கே இருந்ததாக அவருக்கு மெல்ல மெல்ல ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது.

பத்து மணிக்குத் திறப்பு விழா. தலைவர் வந்தார், நிபுணர் வந்தார், ஒரு வான் நிறைய வெள்ளைக்காரர் வந்தார்கள். வெயிலும் ஏறியது. பாயில் ஈ மொய்க்கக் கண்ட அனஸ்தாசியா, உப்பு மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். கில்பட் விசில் ஊதினார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவளைப் பார்த்து அவர் ஊதிய முதல் விசில் அது. அவள் திரும்பியும் பாராமல் உப்பைப் பரப்பி, முதல் வரிசை மீனை அடுக்கினாள். வெள்ளைக்காரர் படம் பிடித்தார்கள்.

தலைவர் கவலையோடு கிட்ட வந்தார்.

"தங்கச்சி, இதின்ட பெறுமதி உனக்கு விளங்கயில்ல. ஒல்லாந்தர் கட்டினதில கை வச்சவன் ஆரா இருந்தாலும் நான் உள்ளுக்குப் போடுவன். என்ட சொந்த அண்ணன் எண்டாலும்."

"இப்ப வச்சாத்தானோ முதலாளி, இல்ல முந்தி வச்சிருந்தாலுமோ?"

இதற்குக் கால எல்லையே கிடையாது என்று நிபுணர் சட்டத்தை விளக்கினார். தலைவர் பெருமையோடு தலையாட்டினார். கில்பட்டின் வாயிலிருந்து விசில் நழுவியது. மனைவியின் கையைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

அவள் கையை உதறி, உப்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜெட்டியடிக் கிட்டங்கிய நீங்க மெசின் விட்டு இடிச்ச அண்டைக்கு, கல்லச் சும்மா எடுத்துக்கொண்டு போங்க எண்டீங்க. இவர் ரெண்டு லோட் ஏத்திவந்து இந்தத் தொட்டியக் கட்டினார். மிச்சம் முழுக்க உங்கட ஹோட்டல்ல வாகனம் நிக்கிற முத்தத்துக்குக் கீழ கிடக்கு. இந்தக் கயித்த நானே அவுத்துத் தாறன் முதலாளி, அங்க கொண்டுபோய்க் கட்டுவமா?"