பவுடர் டப்பாவும் எச்சரிக்கும் கடமையும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மனைவி பதினொரு நாளாக அங்கே இருப்பதால் அவளும் சுகம்தான். நான் சுகமில்லை. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு அவளை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

எல்லாம் ஒரு பத்திரிகைச் செய்தியால் வந்தது. முகப் பவுடர் டால்க் என்ற கல்லை அரைத்துச் செய்வதாம், சில சுரங்கங்களில் அதோடு ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரும் கலந்திருக்குமாம், அது நுரையீரலுக்கு ஆகவே ஆகாதாம், ஆபத்து தெரிந்தால் டப்பாவிலேயே எச்சரிப்பது கம்பெனியின் சட்டக் கடமையாம். முப்பத்தோரு வருடம் லேபிள் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் நான். எத்தனை பவுடர் டப்பாவுக்கு 'மலர் போன்ற மணம்' என்று சரிபார்த்து அனுப்பியிருப்பேன்! கம்பெனிக்காரன் செய்யாததை நானாவது செய்வோம் என்று பழைய அச்சகத்துக்கே போய் நூறு லேபிள் அடித்து வந்தேன். "எச்சரிக்கை! தூள் பறக்கும். மூக்கை விலக்கி வைக்கவும். குழந்தைகளை அருகில் விடவேண்டாம்." அச்சகத்து வழக்கப்படி பசை தடவி, பசைப்பக்கம் வெளியே தெரிய, பசை கொஞ்சம் இறுகுவதற்காக நாற்காலி முதுகில் ஒன்றை மாட்டிவைத்தேன்.

அன்றைக்கென்று பார்த்து, நம் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிற சம்பந்தியம்மாள் வந்தார், அதே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து ஒரு மணி நேரம் பேசினார், முதுகில் என் எச்சரிக்கையோடு கடைத்தெரு முழுக்க நடந்து பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லையாம். ஒரு தாய் கைக்குழந்தையோடு டிரைவர் பக்கம் ஓடினாளாம். சம்பந்தியம்மாள் போனில் சொன்னதைக் கேட்டு தங்கள் தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எழுத்து தெளிவா தெரிஞ்சுதாமா?" என்று நான் கேட்டது தப்புதான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மேல யாராவது ஒரு லேபிள் ஒட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்! தெரிஞ்சும் சொல்லாம என் தலையில கட்டினது எங்க அண்ணன்தானே? அங்கேயே போறேன்" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

ஆக, சட்டப்படி பார்த்தால் பொறுப்பு தங்களுடையது. போகட்டும், நான் வழக்குப் பேச வரவில்லை. சம்பந்தியம்மாளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கல்யாணம் நிற்கவில்லை. லேபிள்களைக் கிழித்தாயிற்று. வீட்டில் பவுடர் துளிகூட இல்லை. இனி எச்சரிக்கை என்ற பேச்சே என் வாயில் வராது, இது சத்தியம். அவள் வந்தால் போதும்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கை வேர்த்து மை கலைந்துவிட்டது. அலமாரிக்குப் பின்னால் அகப்பட்ட டப்பாவிலிருந்து மை காயக் கொஞ்சம் பவுடரைத் தூவி மடித்து உறையில் போட்டிருக்கிறேன். கொஞ்சம் என்றால் அரை டப்பா. ஆகவே எச்சரிக்கை! மூக்கருகே வைத்துப் பிரிக்க வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி உட்காரவைக்கவும். இதை உறைமேலேயே எழுதியிருப்பேன், இடம் போதவில்லை.